ஏழுக்குப் பூஜ்யம்

சேலையூர்
17.6.2025

அன்புள்ள ஆஷாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். மரியாதைக்குச் சொல்லும் சுகம் இல்லை, லேப் ரிப்போர்ட்டே கைக்கு வந்துவிட்ட சுகம். நீயும் ஜோனத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

ஈஸ்டர் அன்று போனில் சண்டை போட்டதிலிருந்து உன் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து ஜெர்சன்தான், "அம்மா, நீங்களும் சித்தியும் பேசினா சண்டைதான். லெட்டர் எழுதுங்க, எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்றான். பெற்ற பிள்ளை எனக்குப் புத்தி சொல்கிறான், பார்! தாம்பரத்தில் ரயில் ஏறினால் அரை மணியில் பொத்தேரி. இந்தக் கடிதம் வந்து சேர நான்கு நாள் ஆகும். ஆகட்டும்.

மார்ச்சில் உனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆனபோது, கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று உன் டாக்டர் சொன்னதால்தான் நான் போனேன். எனக்கும் அதே இடத்தில் அதே கட்டி. பரம்பரை வியாதியா என்று பார்த்த டெஸ்டில் ஒன்றும் இல்லை, தற்செயல் என்றார்கள். சின்ன வயதில் நான் பச்சைப் பாவாடை எடுத்தால் உனக்கும் பச்சைதான் வேண்டும் என்று அழுவாய். இந்த முறை நீ முந்திக்கொண்டாய்.

மே 28 ஆபரேஷன், வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ பதினோரு நாள் படுத்திருந்தாய். போன வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. கட்டியோடு சேர்த்துக் குடலை ஒட்டியிருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் வெட்டியெடுத்து, புற்று அங்கே பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள் இல்லையா? உனக்கு இருபத்தாறு முடிச்சு பார்த்தார்கள், இரண்டில் இருந்தது. அதனால்தான் உனக்கு ஆறு மாதம் கீமோ. எனக்கு ஏழு பார்த்தார்கள். ஏழிலும் இல்லை. ஏழுக்குப் பூஜ்யம்! முப்பத்துநான்கு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் ஒரு பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். "பூரண சுகம் பெற்ற சகோதரி பியூலா" என்று செயலாளர் அசரியா சார் மைக்கில் வாசித்தார். நான் எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு சரி. ஞாயிறு அறிவிப்புத் தாளில் ஜெபக் குறிப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். உன் பெயர் மார்ச்சிலிருந்து முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது. என் சபையில், என் தாளில்! வெளியே வரும்போது வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் கேட்டது, "ஆஷா எப்படி இருக்கா?"

கிளியம்மாள் இருக்கிறாளே, பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள், அவள்கூட, "உனுக்கு இன்னாம்மா, வெட்டிகினு வந்துட்ட, முடிஞ்சுது. பாவம், உன் தங்கச்சிதான் ஊசி போட்டுகினு பேஜார்ல கீது" என்கிறாள். என் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருக்கிறது, ஆஷா. அது யார் கண்ணிலும் படவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் எழுது.

உன் அக்கா,
பியூலா

*

பொத்தேரி
24.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஷா எழுதிக்கொள்வது. உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. தையல் காய்ந்துவிட்டதா? இருமும்போது வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்கிறாயா? இவர் நலம். நான் இருக்கிறேன்.

உன் பூஜ்யத்துக்கு வாழ்த்துகள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன பயன்? உன் கடிதத்தை வாசித்துவிட்டு அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. இவர் வாந்தியோ என்று பயந்துபோனார். வாந்தி இல்லை, வயிற்றெரிச்சல் என்று எப்படிச் சொல்வது? பத்தாவதில் நான் கணக்கில் எழுபது வாங்கி வந்த அன்றுதான் நீ காலேஜில் முதல் என்று செய்தி வந்தது. என் எழுபதை யாரும் கேட்கக்கூட இல்லை. வியாதியிலுமா அக்கா?

எல்லாரும் என்னையே விசாரிக்கிறார்கள் என்று எரிகிறாய். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆப்பிள் கொண்டுவருகிறார்கள். அதைக் கடித்தால் வாயில் இரும்புச் சுவை. டிரிப்ஸில் மருந்து ஏற்றிய பிறகு ஒரு வாரத்துக்குக் குளிர் ஆகாது. ஃப்ரிட்ஜைத் திறக்கக் கையில் சாக்ஸ் மாட்டிக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீர் பட்டாலே விரல் நுனியில் கரண்ட் அடிக்கிறது. காலேஜ் ஹாஸ்டல் ஆபீஸ் வேலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன், ஹாஸ்டல் பிள்ளைகள் என்னைக் கண்டதும் ஏ.சி.யை அணைத்துவிட்டு விசிறிக்கொள்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வயிறு லேசாக இழுத்துப் பிடித்தாலே, திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. உனக்கு அந்தப் பயம் இல்லை. நீ வெட்டினாய், முடித்தாய், ஸ்தோத்திரம் சொன்னாய். என்னால் தாங்க முடியாதது அதுதான்.

வியாழக்கிழமை எனக்கு நான்காவது கீமோ. ஜெர்சன் உன் ரிப்போர்ட்டை இவர் போனுக்கு அனுப்பியிருக்கிறான். டாக்டர் தமிழினியிடம் அதைக் காட்டப்போகிறேன், நீ வேண்டாமென்றாலும். அவ்வளவு நல்ல ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று அவரும் பார்க்கட்டும்.

கனமான எதையும் தூக்காதே.

உன் தங்கை,
ஆஷா

*

சேலையூர்
2.7.2025

அன்புள்ள ஆஷாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஒரு கிலோ ஏறியிருக்கிறேன். நீ ஏறினாயா, இறங்கினாயா?

காட்டினாயா? உன் டாக்டர் என்ன சொன்னார்? இதை மட்டும் முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

சரி, என் வயிற்றெரிச்சலையும் கேட்டுக்கொள். போன சனிக்கிழமை எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியச் சங்கம் வேன் பிடித்துக்கொண்டு பொத்தேரிக்கு வந்தார்களாமே, உனக்கு ஜெபம் செய்ய. பதினெட்டுப் பேர். அந்த வேன் என் தெருமுனையில்தான் நின்றது. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆயரம்மா மேலே பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, "டீச்சர், ஆஷாவைப் பார்க்கப் போறோம், ஏதாவது கொடுத்தனுப்பணுமா?" என்றார். ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆனவள் மாடியில் துணி காயப்போடுகிறாளே என்று அந்தப் பதினெட்டில் ஒருத்திக்குத் தோன்றவில்லை. சங்கத்துக்கு நான் ஆறு வருஷம் செயலாளராக இருந்தவள்!

என்ன கொடுத்தனுப்ப? எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தேன். வந்ததா?

உன் அத்தான் போய் நான்கு வருஷம் ஆகிறது. தலைவலி என்று நான் சொன்னால், "இன்னிக்குச் சமைக்காதே" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. உனக்கு ஜோனத்தான் இருக்கிறார். பாதத்துக்கு எண்ணெய் தடவிவிடுகிறாராம், ஆயரம்மா வந்து வர்ணித்தார். கேட்டுக்கொண்டே நின்றேன். எனக்குப் பொறாமை ஆஷா. அறுபத்தொரு வயதில் வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

உன் கீமோவில் பாதியை எனக்குக் கொடு. கூடவே பாதி ஆப்பிளையும்.

அக்கா,
பியூலா

*

பொத்தேரி
13.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நானும் இவரும் சுகம்தான். ஊறுகாய் வந்தது. எனக்கு ருசி தெரிகிற ஒரே சாமான் அதுதான்.

உன் ரிப்போர்ட்டை டாக்டர் தமிழினி பார்த்தார். அன்று நல்ல கூட்டம்.

இங்கே காலேஜ் திறந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள். ஹாஸ்டலில் அறை மாற்றித் தரச் சொல்லித் தினமும் பத்துச் சண்டை.

உன் சர்ஜனை மறுபடி எப்போது பார்க்கிறாய்? பார்த்துவிடேன். சும்மா கேட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு ஐந்தாவது. விரல் மரத்துப்போகிறது, நிறைய எழுத முடியவில்லை.

ஆஷா

*

சேலையூர்
20.7.2025

அன்புள்ள ஆஷாவுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் திட்ட வேண்டும் என்பதால் விசாரிக்கிறேன். சுகமா? ஐந்தாவது ஊசி எப்படிப் போயிற்று? இனித் திட்டுகிறேன்.

இது ஒரு கடிதமா? பதினைந்து நாள் காத்திருந்தேன். தபால்காரர் என்னைக் கண்டாலே சைக்கிளைத் திருப்புகிறார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், உன் டாக்டர் என்ன சொன்னார் என்று. நீ கூட்டத்தைப் பற்றி எழுதுகிறாய்! நல்ல ரிப்போர்ட் என்று சொல்லியிருப்பார். அதை எழுத உனக்கு மனசு வரவில்லை. உன்னை எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்த என் மார்க் ஷீட்டை நீ அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தவள்தானே?

சர்ஜனை எதற்குப் பார்க்க வேண்டும்? ரிப்போர்ட் கொடுத்த அன்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொல்லி. எல்லாருக்கும் கொடுப்பதுதான். பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன், பக்கம் பிரிக்க உதவுகிறது. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு இருபது வருஷம் போனவள் நான். கடைசிப் பக்கங்களைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்ட டீச்சருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவள். என் ரிப்போர்ட்டைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்று ஆராதனையில் ஆயர் உனக்காகத் தனியாக மன்றாடினார். கண் மூடி ஆமென் சொன்னேன். முழு மனசோடு சொன்னேன் என்று எழுதினால் அது பொய்.

கோபமாக இருக்கும் அக்கா,
பியூலா

*

பொத்தேரி
29.7.2025

அன்புள்ள அக்கா,

இது தபாலில் வரவில்லை. இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இவர் கேட்டில் நிற்பார். நீ படித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இன்றைக்கு நிஜமாகவே கேட்கிறேன்.

ஜூன் 26 அன்று டாக்டர் தமிழினி உன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். இவர் மருந்துக்கடை வரிசையில் நின்றார், நான் மட்டும்தான் உள்ளே. பார்த்ததும், "ஏழுதானா?" என்றார். பிறகு சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், ஒருநாள்கூட எனக்கு அது மறக்கவில்லை.

"ஏழுல இல்லைன்னா எதுலயுமே இல்லைன்னு அர்த்தம் இல்லம்மா. குறைஞ்சது பன்னிரண்டாவது பார்த்திருந்தாத்தான் நம்பலாம். ரெண்டாம் பக்கத்தைப் பாருங்க. சின்ன ரத்தக்குழாய்க்குள்ள புற்று செல் தெரியுதுன்னு போட்டிருக்கு. கட்டியோட ஓரத்துல செல்லுங்க கொத்துக்கொத்தா பிரிஞ்சு முளைவிட்டிருக்கு. இதெல்லாம் திரும்பி வர்ற கட்டியோட குணம். அக்காவை உடனே கூட்டிட்டு வாங்க. கீமோ கொடுக்கறதா இருந்தா ஆபரேஷன் ஆன ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிக்கணும்."

நேற்றோடு இரண்டு மாதம் முடிந்துவிட்டது.

முப்பத்துமூன்று நாள் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தேன் அக்கா. அன்று வீட்டுக்கு வந்ததும் எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் கடிதம் மேஜைமேல் இருந்தது, ஏழுக்குப் பூஜ்யம் என்று. நாளைக்கு எழுதலாம் என்று மூடி வைத்தேன். மறுநாளும் அதேதான். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ பாதி கீமோ கேட்டு எழுதியபோது, வரும்போது தெரியும் என்றுகூட நினைத்தேன். இதை நினைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

உன் போன கடிதத்தில் மெமோ கதையைப் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. உன் விடைத்தாளில் ஏழு பக்கம்தான் திருத்தியிருக்கிறார்கள். மீதியை யாரும் புரட்டவில்லை. இன்று காலை டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். வெட்டியெடுத்த குடலைச் சில லேபில் இரண்டு மூன்று மாதம் மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்களாம். விட்டுப்போன முடிச்சுகளை மறுபடி தேடச் சொல்லிக் கேட்கலாமாம். மூன்று மாதத்துக்குள் கீமோ ஆரம்பித்தாலும் பலன் உண்டு, ஆனால் ஒவ்வொரு வாரத்துக்கும் பலன் குறைகிறது என்றார்.

மறுமதிப்பீடு கேள் அக்கா. நாளைக்கே போ. போய்விட்டு வந்து என்னைத் திட்டு.

ஆஷா

*

சேலையூர்
29.7.2025, மாலை

ஆஷா,

படித்தேன். ஜோனத்தானை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதில் எழுதுகிற நிலையில் நான் இல்லை.

பியூலா

*

பொத்தேரி
11.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேனாவைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே விரலுக்குத் தெரியவில்லை. ரத்த அணுக்கள் குறைந்துவிட்டதால் ஏழாம் தேதி போட வேண்டிய ஆறாவது கீமோவை வரும் வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பதின்மூன்று நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். உன் திட்டு எனக்குப் பழக்கம். இந்த மௌனம் பழக்கமில்லை. இவர் சனிக்கிழமை உன் தெருவுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது. வாசலில் கிளியம்மாள், "டீச்சரம்மா தெனம் காலீல எங்கியோ போய்கினு வருது. கேட்டா என் மேலயே வுழுது" என்றாளாம். லேபுக்குத்தான் போகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

நேற்று அசரியா சாருக்குப் போன் செய்தேன். ஜெபக் குறிப்பில் என் பெயரை எடுத்துவிட்டு அக்கா பெயரைப் போடுங்கள் என்றேன். "அவங்க ஸ்தோத்திரம் ஏறெடுத்தாச்சேம்மா. பூரண சுகம்னு நானே மைக்ல வாசிச்சேனே. இப்ப எப்படி மறுபடி விண்ணப்பத்துல போடறது?" என்று குழம்பிப்போனார். எழுதிவிட்ட நோட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது போலப் பேசுகிறார்.

அக்கா, உனக்கு ஏதாவது ஆனால் என் இரண்டு முடிச்சும் குணமாகி என்ன பயன்? நீ இல்லாமல் நான் யாருக்கு இரண்டாவதாக இருப்பது? ஏழு நிஜமாகவே பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். இந்த ஜெபத்தில் பொறாமை இல்லை. இருக்கிறதா என்று தேடித்தேடிப் பார்த்துவிட்டேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஆஷா

*

சேலையூர்
22.8.2025

அன்புள்ள ஆஷாவுக்கு,

நான் சுகமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன?

ஜூலை 30 காலை ஒன்பது மணிக்கு லேப் வாசலில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண், "மேடம், உங்க ரிப்போர்ட் முடிஞ்சுபோச்சு" என்றது. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும் குரலில் இரண்டு வார்த்தை பேசினேன். என் குடலைப் போட்டு வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அப்புறப்படுத்த வேண்டிய வரிசையில் வைத்திருந்தார்களாம். எட்டு நாள் நடையாக நடந்தேன். இன்னும் ஒன்பது முடிச்சு கிடைத்தது. அதில் ஒன்றில் இருந்தது.

பதினாறுக்கு ஒன்று. உனக்கு இருபத்தாறுக்கு இரண்டு. சதவீதம் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஆறேகால், உனக்கு ஏழே முக்கால்வரை வருகிறது. இன்னும் என்னுடையதுதான் நல்ல ரிப்போர்ட். டாக்டர் தமிழினியிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், இதை இப்படியெல்லாம் கணக்குப் போடக்கூடாது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆமாம், உன் டாக்டரிடம்தான் போனேன். பதினான்காம் தேதி எனக்கு முதல் கீமோ. ஆபரேஷன் ஆகிப் பதினோரு வாரம். நான் உள்ளே போனபோது நீ ஜன்னல் பக்க நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாய். கையில் உறை, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜோனத்தான் உன் பாதத்தை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார். சொல்லாதீர்கள் என்று சைகை காட்டினேன். பாவம், இன்றுவரை சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்குக் கதவோரம் நாற்காலி. கூட வந்தவள் கிளியம்மாள். மூன்று மணி நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மெலிந்துவிட்டாய்! அப்போதும் என் கண் போனது அந்த ஜன்னல் மேல்தான்.

இனி நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

நீ முப்பத்துமூன்று நாள் மறைத்ததாக எழுதியிருந்தாய். ஜூன் 12 அன்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே சர்ஜன் என்னிடம் சொன்னார். "ஏழுதாம்மா கிடைச்சிருக்கு. ரெண்டாம் பக்கத்துல இருக்கறதும் எனக்குப் பிடிக்கல. இந்த சீட்டை எடுத்துட்டுப் போய் கீமோ டாக்டரைப் பார்த்துடுங்க" என்றார். பாட்டுப் புத்தகத்தில் வைத்தேனே, அந்தச் சீட்டுதான். இரண்டாம் பக்கத்தை நான் நான்கு தடவை படித்தேன் ஆஷா. வியாழக்கிழமை அதைக் கேட்டவள், ஞாயிற்றுக்கிழமை பூரண சுகம் என்று எழுந்து நின்றேன். தெரிந்தேதான் நின்றேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு வேன் நிறைய ஆள் இருந்தார்கள். ஜெபம் இருந்தது. காலைப் பிடித்துவிட ஜோனத்தான் இருந்தார். என் கையில் அந்தப் பூஜ்யம் ஒன்றுதான் இருந்தது. அதையும் கொடுத்துவிட மனசு வரவில்லை. ஸ்தோத்திரம் சொன்ன பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு கீமோவுக்குப் போவது? போகாமல் செத்தாலும் சாவேன், உனக்கு இரண்டாவதாகப் போய் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று இருந்தேன். உன் கடிதம் வந்ததும் முதலில் உன்மேல் கோபம் வந்தது. அன்று இரவே அது வெட்கமாகிவிட்டது. அதனால்தான் எழுதவில்லை.

போன ஞாயிறு அசரியா சாரிடம் மைக்கை வாங்கி நானே சொன்னேன். "நான் அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன், எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். ஆயரம்மா வந்து கட்டிக்கொண்டு அழுதார். நேற்று பதினெட்டுப் பேரும் என் வீட்டில். எல்லார் கையிலும் ஆப்பிள். நீ சொன்னது சரிதான், இரும்புச் சுவை. தாளில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள், உன் பெயருக்குக் கீழே.

நீ மறைத்தது முப்பத்துமூன்று நாள். நான் நாற்பத்தேழு. எண்ணிப் பார்த்துக்கொள். இதிலும் நான்தான் முதல். ஆகையால் உனக்கு இனி அழ உரிமை இல்லை.

செப்டம்பர் நான்கு உனக்கு ஏழாவது, எனக்கு இரண்டாவது. நர்ஸிடம் சொல்லிப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியாகக் கேட்டு வைத்திருக்கிறேன். ஜோனத்தான் இரண்டு பேர் காலையும் பிடித்துவிடுவாரா என்று கேட்டுச் சொல். ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவருகிறேன்.

ஜன்னல் பக்கம் எனக்கு.

அக்கா,
பியூலா